கொஞ்சம் சொத்தை இருக்கட்டும்

வெள்ளானூரானாலும் சரி, வேளச்சேரியானாலும் சரி, குழந்தைக்குச் சொத்தைப் பல் என்றால் நம் வீடுகளில் இரண்டே கட்சிகள். 'பால் பல்லுதானே, விழுந்து முளைக்கும்' என்பது பாட்டி கட்சி. 'ஒரு பொட்டு விடாம சுரண்டி எடுத்துடுங்க டாக்டர்' என்பது அப்பா கட்சி. இரண்டுமே சரியில்லை.

பாட்டிக்குப் பதில் சுலபம். பின்பக்கத்துப் பால் கடைவாய்ப் பல் விழ வேண்டியது பத்து, பன்னிரண்டு வயதில். ஐந்து வயதிலேயே பிடுங்கிவிட்டால், ஆறு வயதில் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பல் முன்னால் நகர்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் வருகிற பல்லுக்கு சீட் இல்லை.

அப்பா கட்சிக்குப் பெரிய வக்கீல் உண்டு. அமெரிக்கப் பல் மருத்துவத்தின் பிதாமகர் ஜி.வி.பிளாக். 1908-ல் வந்த தன் பாடநூலில், மெத்தென்ற சொத்தையை உள்ளே விட்டு மூடுவதைவிட, பல்லின் கூழ் (நாம் 'நரம்பு' என்பது) வெளியே தெரிந்தாலும் தேவலை என்று தீர்ப்பெழுதினார். இங்கிலாந்தின் ஜான் டோம்ஸ் 1859-லேயே நேர்மாறாகச் சொல்லியிருந்தார்: கூழுக்குக் காவலாக, நிறம் மாறிய ஒரு படலம் இருந்துவிட்டுப் போகட்டும்.

வேடிக்கை என்னவென்றால், கிருமிகளை ஆராய்ந்தவர் பிளாக். டோம்ஸ் எழுதியபோது, கிருமியால் நோய் வரும் என்பதே நிலைபெறவில்லை. ஆனாலும் இன்றைய சிகிச்சை டோம்ஸ் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது.

பிளாக் பயந்தது கிருமிக்கு. ஓரங்களைச் சுத்தமாக்கி இறுக்கமாக மூடிவிட்டால் உள்ளே சிக்கிய கிருமிக்குச் சாப்பாடு கிடைக்காது, பெரும்பாலும் ஓய்ந்துவிடும் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. கூழுக்கு உயிர் இருக்கிறது, உள்ளிருந்து தானே சுவர் எழுப்பிக்கொள்ளும் என்பதையும்தான். 1965-ல் ககேஹாஷி குழுவினர், கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளின் பற்கூழைத் திறந்துவிட்டுப் பார்த்தார்கள். மூடாமலே ஆறியது. சாதாரண எலிகளுக்கோ அழுகிப்போனது.

கூழ் திறந்தே போனாலும் எல்லாம் முடிந்ததில்லை. மேல்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு எம்.டி.ஏ. வைத்து மூடுகிறார்கள். 1990-களில் வந்த இந்த மருந்து, வீடு கட்டும் போர்ட்லாண்ட் சிமென்ட்டின் பங்காளி!

எல்லாப் பல்லுக்கும் இது ஆகாது. ராத்திரி தானாக வலித்து எழுப்பினாலோ, ஈறில் சீழ் கட்டினாலோ பெரும்பாலும் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். வலிக்கட்டும், பார்க்கலாம் என்று காத்திருப்பதில் உள்ள அபாயம் இதுதான்.

சொத்தை தெரிந்ததுமே போய்விடுங்கள். கையில் காசில்லையா? கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 'சுத்தமா எடுத்துடுங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'கூழைக் காப்பாத்த முடியுமா டாக்டர்?' என்று கேளுங்கள்.