வரிக்காசின் சுரூபம்

இராயனுக்குரியதும் தேவனுக்குரியதும் பற்றி நம் பிரசங்க பீடங்களில் ஒலிக்கும் அருளுரைகள் பல, வரி செலுத்தும் கடமையை வலியுறுத்துவதோடு நின்றுவிடுகின்றன. நாமும் அவ்வாறு பிரசங்கித்ததுண்டு. ஆண்டவர் கேட்டு வாங்கிப் பார்த்த காசை உற்றுநோக்கின், அவ்விளக்கத்தின் குறை புலப்படும்.

மாற்கு குறிப்பிடும் காசு, நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைந்த எடையுள்ள தெனாரியம் என்னும் உரோம வெள்ளிக்காசு. எந்த இராயனுடையது எனச் சுவிசேஷகர் கூறவில்லை, கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியுவினுடையது என்பர் அறிஞர் பலர். அவன் காசின் ஒருபுறம் வாகைமாலை சூடிய தலையும், அவனைத் தெய்வீக அகுஸ்துவின் மகன் எனப் பறைசாற்றும் எழுத்தும் உள்ளன. மறுபுறம் செங்கோலும் கிளையும் ஏந்தி ஒரு பெண் வீற்றிருக்கிறாள். அவளைச் சமாதான தேவதை என்றும், அரசனின் தாய் லிவியாள் என்றும் கூறுவர். அவளைச் சூழ்ந்துள்ள எழுத்து தலைமைக் குரு என்னும் பட்டத்தை அரசனுக்கு அளிக்கிறது. கோவை, கரூர் வட்டாரங்களில் கிடைத்த உரோமக் காசுகளுள் இவ்வகையும் உண்டு.

அரியணையையும் பலிபீடத்தையும் ஒருங்கே உரிமை கோரும் காசு இது. எனவே, அரசியல் இராயனுக்கு, ஆராதனை தேவனுக்கு என வாழ்வை இரண்டாகப் பங்கிடும் விளக்கத்திற்கு இக்காசே இடங்கொடுக்கவில்லை. ஆண்டவர் வெள்ளியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். வணக்கத்தைக் கொடுக்கச் சொல்லவில்லை.

இங்கு நம் பழைய மொழிபெயர்ப்பால் ஓர் இழப்பு நேர்ந்துள்ளது. காசிலுள்ள உருவத்தைக் குறிக்கும் 'எய்க்கோன்' என்னும் கிரேக்கச் சொல்லே, ஆதியாகமம் முதல் அதிகாரத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பில் மனிதன் பெற்ற தேவசாயலையும் குறிக்கிறது. தமிழில் முன்னது 'சுரூபம்', பின்னது 'சாயல்' என வேறுபட்டதால், இரண்டையும் இணைக்கும் நூல் வாசகர் கண்ணுக்கு மறைந்துவிட்டது. காசின் உருவம் இராயனுக்கு, மனிதனிலுள்ள உருவம் தேவனுக்கு எனத் தெர்த்துல்லியன் அன்றே எடுத்துக்காட்டினார்.

திராட்சத்தோட்ட உவமையில் கூலியாளின் ஒருநாள் உழைப்புக்கு ஈடாவதும் இதே தெனாரியமே. காசு இராயனுடையதாயிருக்கலாம்; அதற்காக வெயிலைச் சகித்தவனோ தேவனுடையவன். அவனை இராயன் எடுத்துக்கொள்ளும்போது மௌனமாயிருந்து, வரியைப் பற்றி மட்டும் பேசும் பிரசங்கம் ஆண்டவருடைய மறுமொழியின் பாதியை விழுங்கிவிடுகிறது. அப்பாதியையும் நம் சபைகளுக்கு அறிவிப்பது போதகராகிய நம்மேல் விழுந்த கடன்.