ஓர் எச்சரிக்கை அறிவிப்பை வாசித்தல்

பாரத்நெட் கேபிள் தமிழகக் கிராமங்களுக்கு இழுக்கப்பட்டபோது பல மாவட்ட ஆட்சியர்கள் ஏறக்குறைய ஒரே வாசகத்தில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள். சாரம் இதுதான்: இந்தக் கண்ணாடி இழைக் கேபிளில் உலோகம் எதுவும் கிடையாது, மறுபயன்பாட்டுக்கு உகந்ததல்ல, துண்டிப்பவர்கள் மீது சட்ட நடவடிக்கை எடுக்கப்படும். நிர்வாக நோக்கில் நியாயம்தான். செம்புக்காகத் தொலைபேசி ஒயரை அறுத்துப் பழைய இரும்புக் கடையில் போட்ட கதை எந்த ஊரில்தான் இல்லை! ஆனால் ஒரு பிரதியாக வாசிக்கும்போது இது யாரை முன்னிலைப்படுத்துகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. 'இதில் நீ திருட ஒன்றுமில்லை' என்பதாகத்தான் கிராமத்தானோடு பேச்சு தொடங்குகிறது. இதை வைத்து என்ன செய்யலாம், யாரிடம் போய்க் கேட்கலாம், மாதம் எவ்வளவு ஆகும் என்பதெல்லாம் நான் பார்த்த அறிவிப்புகளில் இல்லை. காவலும் களவும் இருக்கின்றன, பயன்படுத்துகிறவர் இல்லை.

2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்து, 2015இல் பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டம் இது. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்காக 2018இல் தனி அரசு நிறுவனமே தொடங்கப்பட்டது. 2020இல் டெண்டர் ரத்தானதில் காலம் போனது. கேபிளில் பெரும்பகுதி மின்கம்பங்களின் மேலேயே போகும்படி திட்டமிடப்பட்டது. (கோடையில் கால் நுழையுமளவு வெடித்து, ஐப்பசியில் உப்பிக்கொள்ளும் கரிசலுக்கு இது ஒருவகையில் நல்லதுதான்.) ஊராட்சி சேவை மையத்திலோ வேறு அரசுக் கட்டடத்திலோ ஒரு பெட்டி, ஒரு யு.பி.எஸ். அத்தோடு அந்த ஊராட்சி 'இணைக்கப்பட்டதாக'க் கணக்கில் ஏறிவிடும்.

ஊராட்சி என்பது ஓர் ஊரல்ல. கோவில்பட்டி, விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கம் வந்து பாருங்கள்: தாய்க்கிராமம், நாலைந்து குக்கிராமம், ஓடைக்கு அந்தாண்ட காலனி. பெட்டி எந்தத் தெருவில் இருக்கிறது, சாவி யார் மடியில் இருக்கிறது என்பதைப் புள்ளிவிவரம் சொல்லாது. 2025 ஜனவரி 5இல் தூத்துக்குடி மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தபிறகு, சாவியைப் பற்றிக் கேட்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளும் இல்லாமல் போனார்.

செய்திக் கருவி யார் வீட்டில் இருக்கலாம் என்பது இந்த மண்ணில் வெறும் தொழில்நுட்பக் கேள்வியாக இருந்ததில்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று ஓட்டப்பிடாரம் வட்டம் கொடியங்குளத்தில் புகுந்த போலீஸ், தலித் வீடுகளில் டி.வி.யையும் மின்விசிறியையும் தையல் எந்திரத்தையும் தேடித்தேடி உடைத்தது. கடவுச்சீட்டுகளையும் சான்றிதழ்களையும் அழித்தது. வளைகுடாவில் பாடுபட்டு வாங்கியவை, படித்துப் பெற்றவை. வெளியுலகோடு அம்மக்களைச் சேர்த்த பொருள்கள்தாம் குறிவைக்கப்பட்டன என்பதைத் தற்செயலாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

கேபிள் வீட்டுக்கு வராவிட்டாலும் வலை வந்துவிட்டது. 2023 ஜனவரி முதல் நூறுநாள் வேலைத் தலங்களில் தினம் இருமுறை செல்போன் செயலியில் படமெடுத்து ஏற்றுவது கட்டாயமாக்கப்பட்டது. காலையில் ஒரு படம், மதியத்துக்குமேல் ஒரு படம். செயலி சொதப்பினால் செய்த வேலைக்கும் கூலி சந்தேகம். ஆக, கண்மாய்க் கரையில் வரிசையாய் நிற்கிற பெண் இணையத்துக்குள் ஏற்கனவே இருக்கிறாள், படமாக. அவள் ஏதாவது கேட்கவோ சொல்லவோ அங்கே வழியில்லை.

'இதெல்லாம் பன்னாட்டு முதலாளியத்தின் ஒயர், நமக்கு எதுக்குத் தோழர்' என்று சிலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகாமல் படிக்கிற பிள்ளைக்கு ஒயர் வேணும். இப்போதைக்கு கிராம சபையில் எழுந்து மூன்று கேள்வி கேட்கலாம்: பெட்டி எங்கே, அது ஓடுதா, காலனிப் பள்ளிக்கூடத்துக்கோ அங்கன்வாடிக்கோ எப்போ கம்பி இழுப்பீங்க? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, கையெழுத்துப் போடுவதற்குமுன் ஒருதரம் வாசிக்கச் சொல்லுங்கள்.