எலுமிச்சைச் சாறு உடலைக் கழுவுமா?

சோறு, காய்கறி எதையும் தொடாமல் சில நாட்கள் சாறு மட்டும் குடித்து வந்தால் உடலில் தங்கிய நச்சுகள் வெளியேறும், ஊளைச்சதையும் கரையும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இக்கருத்தைப் பரப்பிய நூல்களுள் ஒன்றையே எடுத்து ஆராய்வோம்.

அமெரிக்கரான ஸ்டான்லி பரோஸ் 1940-களில் வகுத்த முறையை 1976-இல் 'தி மாஸ்டர் கிளென்சர்' என்ற நூலில் விளக்கினார். எலுமிச்சைச் சாறு, மேப்பிள் மரப்பாகு, சிறிது மிளகாய்த்தூள், தண்ணீர் ஆகியவற்றைக் கலந்து நாள்தோறும் 6 முதல் 12 குவளை வரை குடிக்க வேண்டும். வேறு உணவு கூடாது. பேதியாவதற்கு மூலிகைத் தேநீரும் உப்பு நீரும் உண்டு. குறைந்தது 10 நாட்கள். 40 நாட்களும் அதற்கு மேலும்கூட நீட்டிக்கலாம் என்கிறது நூல். 2006-இல் பாடகி பியான்சே ஒரு திரைப்படத்திற்காக இம்முறையைப் பின்பற்றி 20 பவுண்டு எடை குறைந்ததாகக் கூறியபின் இதன் புகழ் மேலும் பரவியது.

எடை குறைவது உண்மைதானா? உண்மைதான். ஆனால் குறைவது எது என்று கேட்க வேண்டும். நமது கல்லீரலிலும் தசைகளிலும் கிளைகோஜன் என்னும் மாவுப்பொருள் சுமார் 400 முதல் 500 கிராம் வரை சேமித்து வைக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. உணவு குறைந்ததும் முதலில் செலவாவது இந்தச் சேமிப்பே. அதோடு நீரும் வெளியேறுகிறது. தராசு முள் முதல் சில நாட்களில் வேகமாக இறங்குவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பேதியும் இதற்குத் துணை நிற்கிறது. வழக்கமான உணவுக்குத் திரும்பியதும் இந்த எடை திரும்பி வந்துவிடும்.

அடுத்து, இந்தப் பானத்தில் உள்ளதைக் கணக்கிடுங்கள். ஒரு குவளை சுமார் 110 கலோரி தரும். அதில் ஏறத்தாழ எல்லாமே சர்க்கரை. புரதம் இல்லை என்றே சொல்லலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 48 கிராம் புரதம் வேண்டும். அது உணவில் கிடைக்காதபோது உடல் தன் தசையைக் கரைத்து அந்தத் தேவையை ஈடு செய்கிறது. கொழுப்பைக் கரைக்கப் புறப்பட்டவர் தசையையும் இழக்கிறார்.

நச்சு எங்கே?

நூலின் மையக் கருத்து நச்சு நீக்கம். எந்த நச்சு? நமது சிறுநீரகங்கள் நாள்தோறும் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. புரதம் சிதையும்போது தோன்றும் அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றி வெளியேற்ற வழி செய்கிறது. இந்த வேலையைச் சாறு எப்படி விரைவுபடுத்தும் என்பதற்கு நூலில் சான்று இல்லை. 2009-இல் பிரிட்டனில் இளம் விஞ்ஞானிகள் சிலர், நச்சு நீக்கும் என்று விற்கப்பட்ட 15 பொருள்களைப் பற்றி அவற்றைத் தயாரித்தவர்களிடம் விளக்கம் கேட்டனர். நச்சு நீக்கம் என்றால் என்ன என்பதற்கே ஒருவர் சொன்ன பொருளும் மற்றவர் சொன்ன பொருளும் ஒத்துவரவில்லை.

நூலின் பெருங்குறை வேறொன்று. சோர்வு வந்தால் அது நச்சு வெளியேறும் அறிகுறி என்கிறது. நாக்கில் மாவு படிந்தாலும் அதே விளக்கம். நலமாக இருந்தால் முறை வென்றது. நலம் குன்றினாலும் முறை வேலை செய்கிறது! எந்த விளைவாலும் பொய்ப்பிக்க முடியாத கூற்றைச் சோதித்துப் பார்க்கவே வழியில்லை. அதைவிட, உடல் தரும் எச்சரிக்கையையே நற்குறியாகக் கொள்ளும்படி கற்பிப்பது ஆபத்தானது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் நீரிழிவு நோயாளிக்கு அந்தச் சோர்வு இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்ததன் அடையாளமாக இருக்கலாம். தொடர்ந்த பேதியால் பொட்டாசியம் குறைந்தவருக்கு அது இதயம் தடுமாறுவதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

மற்றொரு நூலின் பாடம்

அதே 1976-இல் ராபர்ட் லின் எழுதிய 'தி லாஸ்ட் சான்ஸ் டயட்' என்ற நூலும் அமெரிக்காவில் பரபரப்பாக விற்பனையானது. இவர் பரிந்துரைத்தது திரவப் புரதம். விலங்குகளின் தோல், தசைநாண் முதலியவற்றிலிருந்து எடுத்த கொலாஜனைச் சிதைத்து அதைத் தயாரித்தனர். கொலாஜனில் டிரிப்டோஃபான் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் கிடையாது. நாள் முழுவதற்கும் கிடைத்தது 400 கலோரிக்கும் குறைவு. 1977, 1978 ஆண்டுகளில் இத்தகைய பானங்களோடு தொடர்புடையனவாக ஏறத்தாழ 60 மரணங்கள் பதிவாயின. அவற்றுள் 17 பேரின் மரணத்தை ஆராய்ந்த மருத்துவர்கள், இதயத் துடிப்பின் மின்னொழுங்கு குலைந்திருந்ததைக் கண்டு 1979-இல் வெளியிட்டனர். இறந்தோருள் மருத்துவரின் பார்வையில் இருந்தவர்களும் உண்டு. பின்னர் இத்தகைய பொருள்களின் மீது மரண எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று அமெரிக்க அரசு விதி செய்தது.

அப்படியானால் திரவ உணவே தீயதா? அல்ல. 2017-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். இரண்டாம் வகை நீரிழிவு தோன்றி 6 ஆண்டுகளுக்கு மேற்படாத, உடற்பருமன் மிக்கவர்களுக்கு 12 முதல் 20 வாரங்கள் வரை நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி தரும் சத்துப் பானங்களும் சூப்புகளும் மட்டும் கொடுத்தனர். அவற்றில் தரமான புரதமும் வைட்டமின்களும் தாது உப்புகளும் இருந்தன. தொடக்கத்திலேயே நீரிழிவு மருந்துகளை நிறுத்திக் கண்காணித்தனர். பிறகு படிப்படியாக உணவுக்குத் திரும்பச் செய்தனர். ஓராண்டின் முடிவில் 46 சதவிகிதத்தினர் மருந்தின்றி நீரிழிவிலிருந்து விடுபட்டிருந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் இது 4 சதவிகிதமே.

இங்கே 'நச்சு' என்ற பேச்சே எழவில்லை. கலோரி குறைந்தது, கொழுப்பு கரைந்தது, சத்து குறையவில்லை, கவனிக்க ஆளிருந்தது.

எனவே இத்தகைய பானம் ஒன்றைப் பற்றி யாரேனும் உங்களிடம் புகழ்ந்தால் இவற்றைக் கேளுங்கள். நாளொன்றுக்கு எத்தனை கிராம் புரதம் கிடைக்கும்? வெளியேறும் நச்சின் பெயர் என்ன? எத்தனை நாட்கள் குடிப்பது, அதன்பின் உண்பது என்ன? மயக்கம் வந்தால் என்ன செய்வது? கடைசிக் கேள்விக்கு "அது நல்லதுதான், தொடருங்கள்" என்று பதில் வந்தால் அந்தப் பானத்தைத் தொடாதிருப்பதே நலம். நீரிழிவு, சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் வளரும் பிள்ளைகளும் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கவே கூடாது.