வேலை எங்கே நிற்கிறது? ஜோஹோ சிஆர்எம் புளூபிரின்ட்: சித்திரபுரத்தில் வைத்துப் பார்த்த விமர்சனம்

மலை ஊர்களான சித்திரபுரம், ஆனச்சால், பள்ளிவாசல் பக்கம் சின்ன விடுதி நடத்துகிறவர்களுக்கு, ஒருமுறை வந்து போகும் விருந்தினரைவிட ஆண்டுதோறும் குழு அனுப்பும் மதுரை, கோவை டிராவல்ஸ்காரர்தான் பெரிய வாடிக்கையாளர். முன்பணம் வாங்கியதோடு அவருக்கான வேலை முடிந்துவிடாது. அவருடைய ஆட்கள் நல்லபடியாகத் தங்கிப் போக வேண்டும், அடுத்த சீசனுக்கும் அவர் நம்மையே கூப்பிட வேண்டும். விற்பனைக்குப் பிறகு நடக்கும் இந்த உழைப்பைத்தான் மென்பொருள் உலகம் 'கஸ்டமர் சக்சஸ்' என்கிறது.

இதற்கென்றே பெரிய மென்பொருள்கள் உண்டு. 2009-இல் ஜேபாரா என்ற பெயரில் தொடங்கிய கெயின்சைட் இந்தத் துறையின் முன்னோடி. சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2019-இல் நட்டேரோ என்ற நிறுவனத்தை வாங்கி இதற்குள் வந்தது. சந்தா கட்டும் வாடிக்கையாளர்கள் ஏராளமாக உள்ள நிறுவனங்களுக்காக உருவானவை இவை. யார் எவ்வளவு பயன்படுத்துகிறார், யார் விலகப்போகிறார் என்று மதிப்பெண் போட்டுக் காட்டும். நாலைந்து பேர் வேலை செய்யும் மலை விடுதிக்கு அவ்வளவு தேவையில்லை. இங்கே தெரிய வேண்டியது ஒன்றுதான்: வேலை இப்போது யார் கையில் இருக்கிறது, எங்கே நிற்கிறது? அதற்காகத்தான், வாடிக்கையாளர் விவரங்களைப் பராமரிக்கும் மென்பொருளான ஜோஹோ சிஆர்எம்மில் உள்ள 'புளூபிரின்ட்' வசதியை எடுத்துக்கொண்டேன்.

எப்படி வேலை செய்கிறது

1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய ஜோஹோ. அதன் சிஆர்எம் 2005-இல் வந்தது. புளூபிரின்ட்டின் அடிப்படை எளிது. ஒரு வேலை கடந்து போகும் நிலைகளைத் திரையில் கட்டங்களாக வைத்து, அம்புக்குறியால் இணைக்கிறோம். ஒவ்வொரு அம்புக்குறியும் பணியாளரின் திரையில் ஒரு பொத்தானாகத் தெரியும். பொத்தானை அழுத்தினால்தான் அந்த வேலைக்கான பதிவு அடுத்த நிலைக்கு நகரும்.

இங்குள்ள விடுதி ஒன்றின் நடைமுறைக்கு நான் போட்ட நிலைகள் இவை: முன்பணம் வந்தது, விவரம் கிடைத்தது, அறை தயார், தங்குகிறார்கள், கிளம்பிவிட்டார்கள், பேசி முடித்தாயிற்று. நிலைகளின் பெயரைத் தமிழிலேயே கொடுக்கலாம். அறை சுத்தம் செய்யும் அக்காவுக்கும் அது படித்தவுடன் புரியும்.

ஒவ்வொரு அம்புக்குறிக்கும் மூன்று பகுதிகள் உண்டு. முன், நடுவே, பின். பொத்தான் யாருக்குத் தெரிய வேண்டும் என்பதை 'முன்' தீர்மானிக்கும். எதை நிரப்பினால் நகரலாம் என்பதை 'நடுவே' சொல்லும். நகர்ந்த பிறகு யாருக்கு மின்னஞ்சல் போக வேண்டும், யாருக்கு வேலை ஒதுக்க வேண்டும் என்பதைப் 'பின்' பார்த்துக்கொள்ளும்.

இந்த வசதியின் உயிர் அந்த 'நடுவே' பகுதியில் இருக்கிறது. 'முன்பணம் வந்தது' நிலையிலிருந்து 'விவரம் கிடைத்தது' நிலைக்கு நகர்த்தும் பொத்தானை அழுத்தியதும் ஒரு சின்னப் படிவம் திறக்கும். எத்தனை பேர், எத்தனை மணிக்கு வருகிறார்கள், சைவமா அசைவமா, என்ன வண்டி. கடைசிக் கேள்வியைக் கட்டாயமாக்கினேன். காரணம், எஸ்டேட் ரோட்டுக்கு மேலே இருக்கும் விடுதிக்குப் பெரிய பஸ் ஏறாது. மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு ஜீப்பில்தான் ஆட்களை ஏற்ற வேண்டும். பஸ் என்று தேர்ந்தெடுத்த உடனே ஜீப் ஏற்பாட்டுக்கான வேலை ஒன்று உரியவர் பெயரில் பதிவாகிறது. போனில் முன்பதிவு எடுத்தவர் இதைக் கேட்க மறந்தால் பதிவு நகரவே நகராது. இரவு ஒன்பது மணிக்குப் பெட்டி படுக்கையோடு ரோட்டில் நிற்கும் குழந்தைகளை இந்த ஒரு கேள்வி காப்பாற்றும்.

நேரக் கணக்கு

எந்த நிலையில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று வரம்பு வைக்கலாம். தாண்டினால் நினைவூட்டல் போகும். 'கிளம்பிவிட்டார்கள்' நிலைக்கு இது மிகவும் உதவும். குழு கிளம்பிப் போனதும் அடுத்த குழுவின் பரபரப்பில் பழையவரை மறந்துவிடுவது விடுதிகளில் வாடிக்கை. இரண்டு நாளுக்குள் டிராவல்ஸ்காரரைக் கூப்பிட்டுப் பேசாவிட்டால் மேலாளருக்குத் தெரிந்துவிடும். எந்த நிலையில் பதிவுகள் அதிகம் தேங்குகின்றன என்பதை அறிக்கையாகவும் பார்க்கலாம். சீசன் முடிந்து ஆற அமர உட்கார்ந்து பார்க்க வேண்டிய பக்கம் அது.

மலைக்கு ஏற்ற இன்னொரு வசதி, எந்த நிலையிலிருந்தும் அழுத்தக்கூடிய பொதுப் பொத்தான். மழைக்காலத்தில் மலைப்பாதையான கேப் ரோட்டில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுபோவதுண்டு. இரவுப் பயணத்துக்கு மாவட்ட நிர்வாகம் தடை போடுவதும் உண்டு. அப்போது 'தேதி தள்ளிவைப்பு' என்ற பொத்தான் எல்லா நிலையிலும் இருந்தாக வேண்டும். நல்ல நாளுக்கு மட்டும் வரைந்த பாதை ஜூலையில் பயன்படாது.

எங்கே போதாது

முதலாவது, பதிவு கடைசி நிலைக்குப் போய்விட்டது என்றால் நம் வேலை முடிந்தது என்றுதான் பொருள். வாடிக்கையாளர் மனம் நிறைந்தது என்று பொருள் இல்லை. பதிவு எல்லா நிலையையும் ஒழுங்காகக் கடந்த பிறகும், வெந்நீர் வரவில்லை என்ற வருத்தத்தோடு ஒரு குழு திரும்பியிருக்கலாம். அதனால் கடைசிப் பொத்தானில் இரண்டு கேள்விகளைக் கட்டாயமாக்குங்கள். எது குறை என்றார்? அடுத்து எந்த மாதம் வருவதாகச் சொன்னார்? இந்த இரண்டும் இல்லாத கண்காணிப்பு நம்மை நாமே பார்த்துக்கொள்வதோடு நின்றுவிடும்.

இரண்டாவது, அறை, சமையல், ஜீப் மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கிற வேலைகள். நிலை என்பதோ ஒரு நேரத்தில் ஒன்றுதான். மூன்றையும் தனித்தனி நிலையாக்கினால் சமையல்காரருக்காக ஜீப் காத்திருக்கும். 'அறை தயார்' பொத்தானுக்குள் டிக் செய்யும் பட்டியலாக வைப்பதே நல்லது.

மூன்றாவது, கட்டாயக் கேள்விகளைக் கூட்டிக்கொண்டே போகும் ஆசை. பத்துக் கேள்வி வைத்தால் அவசரத்தில் இருப்பவர் ஒரு புள்ளியை வைத்து நிரப்பிவிட்டுப் போவார். அடுத்த ஆளுக்கு உண்மையிலேயே எது தேவையோ அதை மட்டும் கேளுங்கள்.

நான்காவது, செலவு. மூன்று பேர்வரை இலவசமாகப் பயன்படுத்தும் பதிப்பு ஜோஹோவில் உண்டு, ஆனால் புளூபிரின்ட் அதில் கிடையாது. கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்ற கணக்கு. ஜீப் ஓட்டும் அண்ணனுக்கும் சமையல்காரருக்கும் தனிக் கணக்கு எடுக்க வேண்டியதில்லை. பொறுப்பைக் கைமாற்றிக் கொடுப்பவர்களுக்கு மட்டும் எடுங்கள். மற்றவர்களுக்குத் தகவல் போனால் போதும்.

வாங்கலாமா?

ஒரே ஆள் போன் எடுத்து, அறை பார்த்து, வழியனுப்பியும் வைக்கும் ஹோம்ஸ்டேக்கு இது வேண்டாம். ஒரு நோட்டும் வாட்ஸ்அப்பும் போதும். மூன்று பேருக்கு மேல் வேலை கைமாறுகிற இடத்தில் நிச்சயம் பலன் உண்டு. விடுதி மட்டுமல்ல, சோலார் பேனல் பொருத்துகிறவர்கள், ஏலக்காய் உலர்த்தும் இயந்திரம் விற்றுச் சர்வீஸ் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

மென்பொருளைத் திறப்பதற்கு முன் பணியாளர்களை உட்காரவைத்து ஒரே கேள்வி கேளுங்கள்: "உங்களுக்கு முந்தைய ஆள் எதைச் சொல்லாமல் விட்டதால் போன சீசனில் கஷ்டப்பட்டீர்கள்?" வரும் பதில்கள்தான் உங்கள் கட்டாயக் கேள்விகள். முதல் சீசனுக்கு அதிகம் தடுமாறும் ஒரு கைமாற்றத்தை மட்டும் புளூபிரின்ட்டில் போடுங்கள். அது பழகிய பிறகு மீதியைச் சேருங்கள்.