சவாரித் தம்பரும் சாக்கு நானாவும்

ஒரு கார்ட்டூன் பாத்திரத்துக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க நான் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். வரைந்தவர் ஒருநாளும் வரையாத ஓர் இடத்தில் அதைக் கொண்டுபோய் விட்டால் என்ன செய்யும்? பதில் சட்டென்று வந்தால் பாத்திரம் பிறந்துவிட்டது. யோசிக்க வேண்டியிருந்தால் அது இன்னும் வெறும் படம்தான். சவாரித் தம்பரை எங்கள் ஆலங்குடாக் கடற்கரைக்குக் கூட்டிவந்து, டொல்பின் பார்க்கப் போகிற படகில் ஏற்றிவிட்டால்? எஞ்சின் எத்தனை குதிரைவலு என்று முதலில் கேட்பார். பக்கத்துப் படகை முந்தச் சொல்லிப் படகோட்டியை நச்சரிப்பார். டொல்பின்கள் நூற்றுக்கணக்கில் துள்ளினாலும் அந்தப் பக்கம் தலையைத் திருப்பமாட்டார். தம்பரைத் தெரிந்த எவரிடம் கேட்டாலும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லுவார்கள். சுந்தர் அவரைப் படகில் ஏற்றி நான் பார்த்ததில்லை. ஏற்ற வேண்டிய அவசியமும் இல்லை.

தம்பரைத் தந்த சுந்தரின் முழுப்பெயர் சிவஞானசுந்தரம். 1924-ல் கரவெட்டியில் பிறந்தவர். கட்டடக்கலை படிக்கப் பம்பாய்க்குப் போய், கார்ட்டூன்காரராகத் திரும்பி வந்தார். கட்டடக்கலைக்கு என்ன நட்டமோ தெரியாது, நமக்கு லாபம். தினகரன் பத்திரிகையில் சவாரித் தம்பரை வரைந்தார். 1963-ல் ‘சிரித்திரன்’ என்ற நகைச்சுவைச் சஞ்சிகையைக் கொழும்பில் தொடங்கினார். பிறகு அதை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார். 1996-ல் காலமாகும்வரை அவருக்குச் சிரித்திரன் சுந்தர் என்றுதான் பெயர். வாசகர்கள் கேள்வி அனுப்ப, ‘மகுடி’ என்ற பெயரில் அவர் எழுதிய பதில்களுக்காகவே சஞ்சிகையைப் பின்பக்கமிருந்து புரட்டியவர்கள் உண்டு. எனக்கு மகுடியைவிடத் தம்பரைத்தான் பிடிக்கும். மகுடிக்கு எல்லாம் தெரியும். தம்பருக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும்.

அந்த ஒன்று மாட்டு வண்டில் சவாரி. பார்க்காதவர்களுக்குச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் சவாரி என்றால் ஊரே திடலில் நிற்கும். சோடி மாடு, பாரம் குறைந்த வண்டில், கையில் துவரங்கேட்டி. புழுதி கிளம்பியதும் யார் முந்துகிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியாது, சத்தத்தில்தான் தெரியும். வெல்லுகிற மாட்டின் சொந்தக்காரருக்கு ஊரில் கிடைக்கிற மதிப்பு வேறு எதிலும் கிடைக்காது. தன் வீட்டுப் பிள்ளையின் வயதைச் சொல்லத் தடுமாறுகிறவர், தோற்ற மாட்டின் சுழியைச் சரியாகச் சொல்லுவார். இப்படி ஒரு மனிதரை அப்படியே எடுத்து, அவருடைய பைத்தியத்தையே பெயருக்கு முன்னால் பூட்டிவிட்டார் சுந்தர். பேச்சுத் துணைக்குச் சின்னக்குட்டியை விட்டார். அவ்வளவுதான். அரசியல், விலைவாசி, சீதனம், சாதிப் பெருமை என்று எது வந்தாலும் அது தம்பரின் வாய்வழியாகத்தான் வெளியே வரவேண்டும். தலையங்கம் எழுதத் தயங்குவதைத் தம்பர் வாய்தவறிச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

பாத்திரம் அமைப்பதில் எனக்குப் பிடித்த வித்தை இதுதான். குணங்களை அடுக்கிக்கொண்டு போகவேண்டியதில்லை. ஒரு பிடிவாதம் போதும். அது சரியாக அமைந்தால் மற்றக் குணங்கள் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். சவாரிக்காரருக்கு ரோசம் வரும், பொய் வரும், கடன் வரும், பக்கத்து வீட்டுக்காரரோடு எல்லைச் சண்டை வரும். ஒவ்வொன்றையும் கலைஞர் தனித்தனியாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

சுந்தரின் மற்றவர்களும் இந்த வகைதான். ஆங்கிலம் தொட்டுக்கொள்ளாமல் தமிழ் பேச வராத கொழும்புச் சீமாட்டி மிஸிஸ் டாமோடிரன். பெயரைச் சொன்னாலே கோட்டைப் புகையிரத நிலையத்தில் இரவு மெயில் பிடிக்க நிற்கிற கூட்டம் கண்ணில் வருகிற மெயில்வாகனத்தார். பெயரிலேயே முழுச் சாதகமும் எழுதிய மைனர் மச்சான். இவர்களைப் பார்க்கையில் எனக்கு வேறொன்றும் தோன்றும். இவர்கள் ஒவ்வொருவரும் காலூன்றி நின்ற நிலம் பின்னாளில் போய்விட்டது. 1983 கலவரத்துக்குப் பிறகு மிஸிஸ் டாமோடிரனின் கொழும்பு பழைய கொழும்பாக இல்லை. மெயில்வாகனத்தாரின் ரயில் 1990-ல் நின்றது. யாழ்ப்பாணத்துக்கு மறுபடி ரயில் வந்தது 2014 ஒக்டோபரில். சரித்திரக்காரர்கள் ரயில் ஓடிய ஆண்டுகளைக் குறித்துவைப்பார்கள். அந்த ரயிலில் என்ன பெருமை பேசினார்கள், எந்தச் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்தார்கள், யாரைப் பார்த்து முகத்தைத் திருப்பினார்கள் என்பதற்குக் கார்ட்டூன்காரர்தான் சாட்சி.

ஆலங்குடாவில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்துக் கார்ட்டூனைப் பற்றி ஏன் இத்தனை பேச்சு என்று கேட்கலாம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதி வந்து தங்கியது இந்தப் புத்தளம் மாவட்டத்தில்தான். கற்பிட்டித் தீபகற்பத்தில் ஆலங்குடாவும் அப்படிக் குடிசை முளைத்த ஊர்களில் ஒன்று. என் வாப்பா யாழ்ப்பாணத்து ஆள். கட்டிவைத்திருந்த சிரித்திரன் இதழ்களை எடுத்துவர அன்றைக்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை. ஆனால் தம்பர் வாப்பாவின் வாயோடு வந்துவிட்டார். முகாமில் யாராவது சைக்கிளைக் கொஞ்சம் வேகமாக மிதித்துப்போனால் “இவன் சவாரித் தம்பரின்ட பேரன்” என்பார். படத்தை ஒருமுறையும் காணாமலே எனக்குத் தம்பரைத் தெரியும். பல ஆண்டுகள் கழித்து அச்சில் பார்த்தபோது அறிமுகம் தேவைப்படவில்லை.

படத்தின் கோடுகளைப் பற்றியும் கொஞ்சம் பேசவேண்டும். எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில் ஒரு படம் தாளில் ஏற வேண்டுமென்றால் அதற்குப் புளொக் செய்யவேண்டும். நெருக்கமாகக் கோடு இழைத்து நிழல் போட்டால் மலிவுத் தாளில் மை ஊறி எல்லாம் கறுப்பாக அப்பிக்கொள்ளும். ஆகவே கோடு தடிப்பாக, தெளிவாக, எண்ணிக்கையில் குறைவாக இருந்தாக வேண்டும். முகத்தை நுணுக்கமாக வரைய வழியில்லாதவர் எதைப் பிடிப்பார்? நிற்கிற நிலையை, தோள் சரிவை, கை வீச்சை. பின்பக்கமிருந்து பார்த்தாலும் ஆள் யாரென்று தெரியவேண்டும். இன்றைக்குக் கணினியில் வரைகிறவர்கள் பாத்திரம் முழுவதையும் கறுப்பால் நிரப்பி, வெளிக்கோடு மட்டும் வைத்து அடையாளம் தெரிகிறதா என்று சோதிக்கிறார்கள். அந்தக் காலத்து அச்சுக்கூடம் அதே சோதனையைக் கேட்காமலே நடத்தியது.

காலமும் கைகொடுத்தது. 1970-களின் தொடக்கத்தில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு அரசாங்கம் கட்டுப்பாடு வைத்தது. ஆனந்த விகடனுக்கும் குமுதத்துக்கும் காத்திருந்த கண்கள் உள்ளூர்ச் சஞ்சிகைகளின் பக்கம் திரும்பின. விகடன் சிரிப்பு எனக்கும் பிடிக்கும். மதனின் ரெட்டைவால் ரெங்குடுவும் முன்ஜாக்கிரதை முத்தண்ணாவும் என் கேள்வியில் எளிதாகத் தேறுவார்கள். ஆனாலும் ரெங்குடுவின் குறும்பு மாம்பலத்து வீட்டுக்கானது, நம் முற்றத்தில் கொஞ்சம் கூச்சப்பட்டு நிற்கும். தம்பர் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வருவார்.

பாத்திரம் சுருங்கச் சுருங்க வலுக்கிறது என்பதற்கு நல்ல சாட்சி ஆர். கே. லக்ஷ்மண். தொடக்கத்தில் இந்தியாவின் பல மாநிலத்து மனிதர்களையும் படத்தின் பின்னணியில் நிறுத்திப் பார்த்தாராம். தினமும் பத்திரிகைக்குப் படம் கொடுக்கவேண்டிய அவசரத்தில் ஒவ்வொருவராகக் கழன்றுபோக, கடைசியில் நின்றது ஒரே கிழவர்: கட்டம் போட்ட கோட், வேட்டி, மூக்குக்கண்ணாடி, காதோரம் இரண்டு கொத்து நரை. 1951 முதல் ‘டைம்ஸ் ஒஃப் இந்தியா’வில் வந்த அந்தப் ‘பொதுமனிதர்’ ஒரு வார்த்தை பேசவில்லை. 1988-ல் தபால்தலையில் ஏறினார். புனேயில் அவருக்கு வெண்கலச் சிலையும் இருக்கிறது.

இங்கே இலங்கையில் ஒப்ரி கொலெட்டின் ‘சிட்டிசன் பெரேரா’வும் விஜேசோமவின் ‘புஞ்சி சிங்ஞோ’வும் இருந்தார்கள். ஆனால் இந்தக் கடற்கரைக்குச் சொந்தக்காரர் கமிலஸ் பெரேரா. புத்தளத்திலிருந்து கொழும்பு போகிற வழியில் இருக்கிற நீர்கொழும்பு மனிதர். அவருடைய கஜமன் 1972-ல் பிறந்தான். கூடவே சிரிபிரிஸ், டெக்கொத் பத்மாவதி என்று ஒரு பெருங்கூட்டம். சிங்களம் படிக்கத் தெரியாத எங்கள் ஊர்ச் சிறுவர்களும் கஜமனின் படத்தைப் பார்த்துச் சிரித்ததைக் கண்டிருக்கிறேன். 2023-ல் கஜமன் முப்பரிமாண அனிமேசன் படமாகத் திரைக்கு வந்தான். பேனைக்கோட்டில் பிறந்தவனை வேறு கைகள் உருட்டித் திரட்டி நடக்கவிட்டாலும் ஆள் மாறவில்லை. சொந்தப் பாத்திரம் என்பதற்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.

இனி இந்த ஊர்ப் பிள்ளைகள். பாடக் கொப்பியின் பின்பக்கத்திலும் கைத்தொலைபேசியிலும் இவர்கள் வரைந்துதள்ளுகிற பாத்திரங்களுக்குக் கணக்கில்லை. பாதிப்பேர் ஜப்பானிய அனிமே பார்த்து வரைகிறவர்கள். பெரிய கண், ஊதா முடி, முதுகில் வாள். பாத்திரத்தின் வயது, பிறந்தநாள், பிடித்த சாப்பாடு எல்லாம் ஓரத்தில் எழுதியிருக்கும். ‘இவர் எங்கள் சந்தைக்குப் போனால் என்ன செய்வார்?’ என்று கேட்டால் மௌனம். வாளை எங்கே வைப்பார் என்பதுகூடத் தெரியாது. இந்தப் படங்களை நான் குறைசொல்ல மாட்டேன், கை பழகுகிறது. ஆனால் ரசித்துச் சொல்ல ஒன்றுதான் அகப்பட்டது.

பாடசாலை மாணவி ஒருத்தி வரைகிற கழுதை அது. கற்பிட்டிப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், இங்கே கழுதைகள் சொந்தக்காரர் இல்லாமல் தெருவில் திரியும். அவளுடைய கழுதைக்கு ‘சாக்கு நானா’ என்று பெயர். கழுத்தில் நீல நைலோன் கயிற்றுத் துண்டு, வள்ளத்திலிருந்து அறுந்துவந்தது. இடது காது நுனி கிழிந்திருக்கும். முதுகில் ஒரு வெங்காயச் சாக்கு. அது வெறும் சாக்கு. ஆனாலும் நானா யாரையும் தொடவிடமாட்டார். ‘உள்ளுக்கு என்ன?’ என்று சுற்றுலாக்காரர், வாத்தியார், காற்றாலை பழுதுபார்க்க வந்தவர் என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில். ஒரு படத்தில் காற்றாலையின் நிழலில் சாக்கைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார். காற்றாடியின் நிழல் ஒவ்வொரு தடவையும் அவர் மேலால் கடந்துபோக, அதை எண்ணிக்கொண்டிருக்கிறார். எண்ணுவதைக் காட்ட அவள் ஒன்றும் எழுதவில்லை. கிழியாத காதை மட்டும் கொஞ்சம் தூக்கிவிட்டிருக்கிறாள். மூன்று கோடு. அதில் ஆள் முழுதாகத் தெரிகிறார்.

பார்த்தவுடன் என் கேள்வியைப் போட்டேன். நானாவை யாழ்ப்பாணச் சவாரித் திடலில் விட்டால்? அவள் யோசிக்கவே இல்லை. “நடுவில போய்ப் படுப்பார். சாக்கைத் தாண்டிப் போகச் சொல்லுவார்.” தம்பர் அந்தத் திடலில் இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் பெரிய சண்டை நடந்திருக்கும். அதைப் பார்க்க நான் காசு கொடுத்து வருவேன்.

இந்தப் பிள்ளைகளிடம் இன்னொரு நல்ல பழக்கம் இருக்கிறது. ஒருவரின் பாத்திரத்தை மற்றவர் வரைந்து பரிசாகக் கொடுக்கிறார்கள். கேட்டுவிட்டுத்தான் வரைகிறார்கள். கீழே ‘பாத்திரம் இன்னாருடையது, படம் என்னுடையது’ என்று இரண்டு பெயரும் வரும். சாக்கு நானாவை அவளுடைய சிநேகிதி வரைந்திருந்தாள். காது இரண்டும் கிழிந்திருந்தது. ‘அது பிழை, வலது காது அவர் கேட்கிற காது’ என்று சொந்தக்காரி திருத்தினாள். சண்டையில்லாமல் திருத்தமும் நடந்தது. பத்திரிகைகளிலும் வாட்ஸ்அப்பிலும் கலைஞரின் கையெழுத்தை வெட்டிவிட்டுப் படத்தைப் பரப்புகிற பெரியவர்கள் இவர்களிடம் பாடம் எடுக்கலாம். தம்பரின் படங்களும் இப்போது அப்படித்தான் சுற்றுகின்றன. கீழே சுந்தரின் பெயர் இருக்காது, அனுப்பியவரின் பெயர் இருக்கும்.

வாசகரிடம் கேட்பது இவ்வளவுதான். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பிள்ளை பாத்திரம் வரைந்தால் ‘அழகாக இருக்கிறது’ என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். அது கோபித்தால் என்ன செய்யும், யாரிடம் கடன் வாங்கும் என்று கேளுங்கள். தம்பரை இன்னும் பார்க்காதவர்களுக்கு ஒரு தகவல்: சிரித்திரனின் பழைய இதழ்கள் நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் இருக்கின்றன. எவரும் காசில்லாமல் வாசிக்கலாம். சுந்தர் தன் கதையைச் சொல்லுகிற ‘கார்ட்டூன் உலகில் நான்’ என்ற நூலையும் தேடிப் படியுங்கள்.