எதிரியின் வலிமை: ஒரே களம், மூன்று மூட்டங்கள்

போர் விளையாட்டில் எதிரியின் பலத்தை மறைக்கும் மூட்டத்தின் தரத்தை இரண்டு கேள்விகளால் அளக்கலாம். மறைத்து வைத்ததைக் கணிக்க ஆட்டக்காரருக்குத் தடயம் கிடைக்கிறதா? கணிப்பு பிசகினால் அதற்கு அவர் விலை கொடுக்கிறாரா? முதலாவது இல்லையென்றால் அது சீட்டுக் குலுக்கல். இரண்டாவது இல்லையென்றால் வெறும் அலங்காரம்.

1941இன் கிழக்குப் போர்முனையைக் கையாண்ட மூன்று ஆட்டங்களை இந்த அளவுகோலில் நிறுத்திப் பார்க்கலாம். ஜேம்ஸ் டன்னிகன் 1976இல் வடிவமைத்த ‘பான்ஸர்குரூப்பே குடேரியன்’, கிரெய்க் பெசின்க்கின் ‘ஈஸ்ட்ஃபிரண்ட்’ (1991), கேரி கிரிக்ஸ்பியின் கணினி ஆட்டமான ‘வார் இன் தி ஈஸ்ட்’ (2010). களம் ஒன்றே என்பதால் முறைகளின் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

டன்னிகனின் ஆட்டத்தில் ஸ்மோலென்ஸ்கைக் காக்கும் சோவியத் டிவிஷன்கள் ‘களம் காணாத’ படைகளாகவே வரைபடத்துக்கு வருகின்றன. அட்டைச் சில்லில் வலிமை எழுதாத பக்கம் மேலே இருக்கும். முதல் சண்டையில்தான் புரட்ட வேண்டும். அதுவரை ஜெர்மானிய ஆட்டக்காரருக்கு மட்டுமல்ல, சோவியத் ஆட்டக்காரருக்கே தன் படையின் பலம் தெரியாது. நீப்பர் கரையில் இப்படிப்பட்ட இரண்டு டிவிஷன்கள் நிற்பதாகக் கொள்வோம். இரண்டும் சேர்ந்து 10 தேறும் என்று கணித்து, மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்துக்காக 30 திரட்டித் தாக்குகிறீர்கள். புரட்டினால் 5 வருகிறது. ஆறு மடங்கு பலத்தை அங்கே கொட்டி, பக்கத்து முனையைப் பட்டினி போட்டுவிட்டீர்கள். 15 வந்தால் விகிதம் இரண்டுக்கு ஒன்றாகச் சரிந்து தாக்குதல் முடங்குகிறது. சில்லுகளில் என்னென்ன வலிமைகள் உண்டு என்பது இருவருக்கும் தெரியும் என்பதால், இந்தக் கணிப்பு சராசரியை அறிந்து செய்யும் கணிப்பு. தடயம் இருக்கிறது, விலையும் இருக்கிறது.

அதைவிடப் பெரிய சாதனை, ஆட்டக்காரரிடமிருந்து அவருடைய சொந்த வலிமையையும் மறைத்தது. வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் மாற்றான் வலிக்கு (வலிமைக்கு) முன்னே தன் வலியை வைத்தார். பெரும்பாலான வடிவமைப்பாளர்கள் அதை ஆட்டக்காரருக்கு இலவசமாகக் கொடுத்துவிடுகிறார்கள். அவசரமாகத் திரட்டப்பட்ட படைகளை முன்னே தள்ளிய சோவியத் தளபதியின் தவிப்பை ஒரே ஒரு விதியில் பிடித்த ஆட்டம் இது.

குறைகளும் சிறியவை அல்ல. மூட்டம் ஒருபக்கமாகவே கவிகிறது: ஜெர்மானியச் சில்லுகள் திறந்தே கிடப்பதால் சோவியத் ஆட்டக்காரர் எதிரியைக் கணிக்க வேண்டிய அவசியமே இல்லை. வேவு பார்க்க வழியில்லை. தாக்கித்தான் அறிய வேண்டும். எல்லாவற்றையும் விடக் கனமான குறை வரலாறு சார்ந்தது. சுமார் 200 சோவியத் டிவிஷன்களை எதிர்பார்த்து இறங்கியதாகவும், அதற்குள் 360ஐ எண்ணிவிட்டதாகவும் ஜெர்மானியத் தரைப்படையின் தலைமைப் பணியாளர் குழுத் தலைவர் ஹால்டர் 1941 ஆகஸ்டில் நாட்குறிப்பில் பதிந்தார். ஜெர்மானியர்களின் பெரும்பிழை ஒரு டிவிஷனின் பலத்தைத் தவறாக எடைபோட்டது அல்ல, டிவிஷன்களின் எண்ணிக்கையைத் தவறாக எடைபோட்டது. டன்னிகனிலோ துணைப்படைகள் அட்டவணைப்படி வருகின்றன. அட்டவணை இருவர் கண்ணுக்கும் முன்னால் இருக்கிறது. சிறிய அறியாமையை நுட்பமாகக் கையாண்ட ஆட்டம் பெரிய அறியாமையைக் கைவிட்டுவிட்டது.

‘ஈஸ்ட்ஃபிரண்ட்’ மரக்கட்டை மரபில் வந்தது. கட்டையின் முகம் உரியவரைப் பார்த்து நிற்கும். எதிரே இருப்பவருக்கு வெறும் நிறம்தான். நான்கு படி வலிமையுள்ள கவசப்படையும், அடிபட்டு ஒற்றைப் படிக்கு இறங்கிய எச்சமும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுதான். இங்கே தடயம் எண்ணில் இல்லை, எதிராளியின் நடத்தையில் இருக்கிறது: ஏன் இந்த முனையில் மட்டும் அசையாமல் இருக்கிறான்? இருபுறமும் சமமாகக் கவியும் மூட்டம், ஏமாற்றுக்கு இடம் தரும் மூட்டம் என்ற வகையில் இது டன்னிகனை விஞ்சுகிறது. ஆனால் தன் படையைப் பற்றி எல்லாம் அறிந்த தளபதிகள் இருவர் மோதுவது போருக்குச் சற்று அந்நியம்; போக்கர் சீட்டாட்டத்தின் சாயல் அதிகம். சண்டையில் வெளிப்பட்ட கட்டைகளை நினைவில் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் கூடுதல் சலுகையையும் சொல்லியாக வேண்டும்.

கிரிக்ஸ்பியின் ஆட்டம் அறிவுக்கு விலை வைத்தது. வேவு விமானங்களை அனுப்பினால் எதிரிப் படையின் கண்டறிதல் நிலை உயரும். உயர உயரக் காட்டப்படும் மதிப்பு தெளிவாகும். மற்ற இரண்டுக்கும் இல்லாத சிறப்பு இது. ஆனால் திரையில் தெரியும் எண்ணை நம்பித் தாக்கினால் சண்டையின் முடிவில் வரும் எண் வெகுதூரம் விலகி நிற்கலாம். களைப்பு, மன உறுதி, வழங்கல், தளபதியின் திறன், பகடை எல்லாம் உள்ளே சேர்ந்து அரைபடுகின்றன. எந்தக் கண்ணியில் தன் கணிப்பு பிசகியது என்று ஆட்டக்காரர் பிரித்தறிவது கடினம். யதார்த்தம் கூடுகிறது, பயிற்சி குறைகிறது. கணினி எதையும் முழுமையாக மறைக்கும் என்ற வாதம் இங்கே எடுபடாது. மறைப்பதில் யாருக்கும் சிரமமில்லை; கணிக்க இடம் தருவதுதான் சிரமம்.

என் தரவரிசை இது: எதிரியின் வலிமையை எடைபோடும் கலையை மட்டும் பார்த்தால் முதலிடம் 1976இன் அட்டைச் சில்லுகளுக்கே. எதிராளியின் மனத்தை எடைபோடுவதில் ‘ஈஸ்ட்ஃபிரண்ட்’ மேல். ‘வார் இன் தி ஈஸ்ட்’ உருவகப்படுத்தலாகப் பிரம்மாண்டம். இந்த ஓர் அளவுகோலில் மூன்றாமிடம்.