நாவின் நினைவும் அறிவிப்பாளர் வரிசையும்

நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் பழித்ததில்லை. மனம் ஒப்பாதபோது உண்ணாமல் ஒதுங்கிக்கொள்வதே அவர்களின் வழக்கமாக இருந்தது. இதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக அறிகிறோம். ஆகவே, சமையலைப் பற்றித் திறனாய்வா என்று அன்பர் சிலர் வியக்கக் கூடும். நாம் குறை காணப் புகுவது உணவிலன்று, உணவைப் பற்றிய எழுத்தில்.

'பாட்டி கைமணம்', 'பாரம்பரிய முஸ்லிம் சமையல்' என்னும் தலைப்புகளில் சிறு நூல்களும், பெண்கள் இதழ்களின் இணைப்பாக 'முப்பது வகை' ஏடுகளும் வந்தவண்ணம் இருக்கின்றன. இவற்றின் நோக்கம் நன்று. பிழைப்பின் பொருட்டு வெளியூர் சென்றுவிட்ட பிள்ளைகள், இளமையில் உண்டதை மீண்டும் ஆக்கிப் பார்க்க ஏங்குகின்றனர். ஆனால், இந்நூல்களை நம்பி அடுப்பு மூட்டியவர்கள், "அந்த ருசி வரவில்லையே!" என்கின்றனர். அதற்கு நூலாசிரியர்கள் தரும் விடை, "அது பாட்டியின் கைப்பக்குவம்" என்பதே. இவ்விடை பாட்டிக்குச் சூட்டும் புகழ்மாலைபோலத் தோன்றும். உண்மையில் அவர் அறிந்திருந்ததைக் கேட்டு எழுதாமல் விட்டதை மறைக்கும் திரை அது.

ஹதீஸ் கலையினர் ஒரு செய்தியைக் கண்டால், என்ன சொல்லப்பட்டது என்பதோடு, யாரிடமிருந்து யார் கேட்டார் என்றும் வினவுவர். அறிவிப்பவர் நேர்மையாளரா, நினைவில் உறுதியுடையவரா என்று ஆராய்வர். சிறு வயதில் கேட்டதை ஏற்கலாமா என்ற வினாவையும் அவர்கள் விட்டுவிடவில்லை. மஹ்மூத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தமக்கு ஐந்து வயதாயிருந்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் வாளியிலிருந்த நீரை வாயிலெடுத்துத் தம் முகத்தில் உமிழ்ந்ததைப் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் அதைத் தம் தொகுப்பின் கல்விப் பகுதியில், சிறுவர் செவியுற்றது எப்போது செல்லும் என்னும் தலைப்பின்கீழ்ச் சேர்த்துள்ளார்கள். எனவே, ஐந்து வயதுக் குழந்தையின் நினைவைத் தள்ளிவிட வேண்டியதில்லை.

ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் உணர வேண்டும். குழந்தை, உண்டதற்குச் சாட்சி, ஆக்கியதற்குச் சாட்சியன்று. நோன்புக் கஞ்சியின் மணம் அதற்கு நினைவிருக்கும். வெந்தயம் எப்போது விழுந்தது, தேங்காய்ப்பால் கொதிக்கும்போதா இறக்கியபின்னா சேர்ந்தது என்பன தெரியா. இக்குறையைத் தீர்க்கும் வழியும் அக்கலையிலேயே உண்டு. ஓர் அறிவிப்பை மற்றோர் அறிவிப்பால் உறுதி செய்வதே அது. மூத்த அக்காளிடம் கேளுங்கள். அம்மியில் அரைத்துக் கொடுத்த மாமியிடம் கேளுங்கள். அடுத்த வீட்டாரிடமும் கேளுங்கள். மூவரும் ஒத்துரைப்பதை முதலில் எழுதுங்கள். மாறுபட்டால் மாறுபாட்டையும் எழுதுங்கள்.

நம் ஏடுகள் தவறும் மற்றோர் இடம் அளவை. நன்னி அறிந்தது படி, உரி, உழக்கு, ஆழாக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி. அந்தப் படியும் ஊருக்கு ஊர் வேறுபட்டது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் மெட்ரிக் அளவைகள் படிப்படியாக வந்தன. எந்த ஊர்ப் படி என்று கேளாமல் 'ஒரு கப்' என்று எழுதினால் நூலின் முதல் வரியிலேயே பிழை புகுந்துவிடுகிறது. கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை நில்லா, தூளுப்பே மிகும். பழைய அரிசி புதிய அரிசியைவிட மிகுதியாக நீர் வாங்கும். இவை கைராசி அல்ல, எழுதத்தக்க செய்திகள். பெரியவர் கையால் அள்ளும்போது, சட்டியில் விழுமுன் தராசுத் தட்டில் வாங்கிக்கொள்வதே நேரிய முறை.

தமிழில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வெளிவந்தது. செய்முறை கேட்டுக் கடிதம் எழுதிய உறவினர்களுக்கு விளக்கிச் சொன்ன பழக்கத்திலிருந்து பிறந்த நூல் அது. அருகில் பெரியவர் எவருமில்லாமல் தனியே நிற்கும் புதுமணப்பெண்ணை மனத்தில் வைத்து எழுதப்பட்டதாலேயே அது நிலைத்தது. அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில், பாக்தாதின் இப்னு ஸய்யார் அல்-வர்ராக் தொகுத்த 'கிதாபுத் தபீக்' பல உணவுகளுக்கு உரியவர் பெயரையும் சொல்கிறது. ஹாரூன் ரஷீதின் சகோதரர் இப்ராஹீம் இப்னுல் மஹ்தீ அவர்களுள் ஒருவர். அரண்மனைச் சமையலுக்குக் கிடைத்த அந்த மரியாதை நம் நன்னிமாருக்கு ஏன் கிடைக்கலாகாது? ஹிஜ்ரி 463இல் மறைந்த கரீமா அல்-மர்வஸிய்யா அம்மையாரிடம் ஆண்கள் அமர்ந்து ஸஹீஹுல் புகாரீயைக் கேட்ட சமுதாயம் நம்முடையது. பெண்ணின் பெயரை எழுதுவது நமக்குப் புதிதன்று.

ஊரையும் எழுத வேண்டும். கீழக்கரையும் காயல்பட்டினமும் கடல் மீனோடும் தேங்காய்ப்பாலோடும் வளர்த்த சமையல் வேறு. அந்தியூர், பவானிப் பக்கத்தில் கடலை எண்ணெயும் கொள்ளும் மஞ்சளும் வெள்ளாட்டுக் கறியும் வாரச் சந்தைக் காய்கறியும் சேர்ந்து அமைந்த சமையல் வேறு. கொங்கு நாட்டிலேயே தமிழ் பேசும் ராவுத்தர் வீட்டு ஆணமும், தக்கனி பேசும் வீட்டுச் சாலனும் ஒன்றல்ல. எல்லாவற்றுக்கும் 'முஸ்லிம் சமையல்' என்று ஒரே பெயரும் ஒரே கறிமசாலும் சூட்டும் ஏடு, காப்பாற்றுவதாகச் சொல்லி அழித்துவிடுகிறது.

"நன்னியே இரண்டு நாள் ஒன்றுபோல் ஆக்கியதில்லையே, எதை அசல் என்பது?" என்று கேட்கலாம். சொல்லுக்குச் சொல் அல்லாமல் பொருள்பட அறிவிப்பதை அறிஞர் பலர் அனுமதித்தனர். எது பொருளை மாற்றிவிடும் என்று அறிந்தவருக்கே அந்த அனுமதி. கஞ்சியில் கொத்துக்கறி இல்லாமலிருக்கலாம். அரிசியும் பாசிப்பருப்பும் மெல்லக் குழைய வேண்டிய நேரத்தைக் குக்கரில் சுருக்கினால், சுருக்கியதைச் சொல்லிவிட வேண்டும். மாற்றுவது குற்றமன்று, மாற்றியதை மறைத்து 'அசல்' என்று அச்சிடுவதே குற்றம்.

பகல் முழுதும் நோன்பிருந்த பசியும் அக்கஞ்சியின் ருசியில் ஒரு பங்கு. அதை எந்த நூலும் தர இயலாது, தருவதாகச் சொல்லவும் வேண்டாம். தரக்கூடியவற்றை ஒழுங்காகத் தந்தால் போதும்: யார் ஆக்கினார், எந்த ஊர், எந்தப் படி, எந்தப் பாத்திரம், விறகா எரிவாயுவா, யாரிடம் கற்றார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இந்த விவரங்களை எழுதி வைத்தால், நம் பேத்திகள் ஏங்குவதோடு நில்லாமல் ஆக்கியும் உண்பர். அறிவித்தவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டெழுதுவதுதான் ஹதீஸ் தொகுத்தோர் நமக்குக் காட்டிய வழி.